டேவிட் ஹியூமும் ஓர் அடிக்குறிப்பும்

சற்று நீண்ட பதிவு. ஒரே மூச்சில் படிக்க இயலாதவர்கள் சேமித்து வைத்துப் பின்னர் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழக விடுதியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிறு வாசிப்பு வட்டம் கூடுகிறது. தத்துவம், வரலாறு, மொழியியல் எனப் பல துறைகளைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர், ஆறேழு தாய்மொழிகள். இந்தப் பருவத்திற்கு டேவிட் ஹியூமை எடுத்துக்கொண்டோம். மூன்று வாரங்கள் ‘மனித இயல்பு பற்றிய ஆய்வுரை’யின் பகுதிகளைப் படித்தோம். நான்காம் வாரம், நாடுகளின் குணவியல்பு குறித்து அவர் எழுதிய சிறு கட்டுரை. அதன் அடிக்குறிப்பு ஒன்றை உரக்கப் படித்து முடித்ததும், முதுகலை மாணவி ஒருவர், “அறவுணர்வைப் பற்றி இவரிடம் நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?” என்று கேட்டார்.

அன்றைய அமர்வை நடத்தும் பொறுப்பு என்னுடையது. சிறிதும் தயங்காமல், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், “அவர் தம் காலத்தின் மனிதர். 18ஆம் நூற்றாண்டை நம் அளவுகோலால் அளக்கக் கூடாது” என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. குறிப்பேட்டை மூடி வைத்துக்கொண்டார்.

என் விடை வரலாற்று நோக்கில் பிழையானது. அடுத்த இரண்டு வாரங்கள் நூலகத்தில் செலவிட்ட பிறகே அது எனக்குத் தெளிவாயிற்று. அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஹியூம் 1711இல் எடின்பரோவில் பிறந்தார். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தவர். இங்கிலாந்தின் எல்லையை ஒட்டிய நைன்வெல்ஸ் என்னும் சிறு குடும்பப் பண்ணையில் தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். குடும்பம் சட்டம் படிக்கச் சொன்னது. அவர் சிசரோவையும் வெர்ஜிலையும் படித்துக்கொண்டிருந்தார். 18ஆம் வயதில் மனம் உடைந்தது. பெரும் கண்டுபிடிப்பின் வாயிலில் நிற்பதாக உணர்ந்தவருக்கு, அதைத் தொடர்ந்து நாலைந்து ஆண்டுகள் நீடித்த சோர்வு. 1734இல் ஒரு மருத்துவருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்திருக்கிறது. தம் நோய்க்குறிகளைத் தாமே எட்ட நின்று பார்த்து எழுதுவது போன்ற நடை. ஆய்வுப் படிப்பின் நடுவில் இருக்கும் எவரும் அதைப் படித்தால் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள்.

நோய்க்கு மருந்தாகச் சுறுசுறுப்பான வாழ்க்கையை முயன்று பார்க்கலாம் என்று அவர் பிரிஸ்டல் நகருக்குச் சென்று, சர்க்கரை வணிகர் ஒருவரிடம் எழுத்தராகச் சேர்ந்தார். சில மாதங்களே அங்கிருந்தார். முதலாளியின் கடிதங்களிலுள்ள ஆங்கிலப் பிழைகளைத் திருத்தப்போய் வேலையை இழந்தார் என்று ஒரு கதை உண்டு. மொழியியல் படித்தவன் என்பதால் எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அக்காலப் பிரிஸ்டல், அடிமை வணிகத்தின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. அங்கு வந்திறங்கிய சர்க்கரை, மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அந்தக் கணக்கேடுகளின் அருகே ஹியூம் சில மாதங்கள் இருந்திருக்கிறார். இதைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

பின்னர் பிரான்சுக்குப் போனார். டெகார்ட் பயின்ற இயேசு சபைக் கல்லூரி இருந்த லா ஃபிளெஷ் என்னும் சிற்றூரில் தங்கி, ‘ஆய்வுரை’யின் பெரும்பகுதியை எழுதினார். முதல் இரு பாகங்கள் 1739இன் தொடக்கத்தில் ஆசிரியர் பெயரின்றி லண்டனில் வெளியாயின. மூன்றாம் பாகம் 1740இல். முதல் இரு பாகங்கள் வந்தபோது அவருக்கு வயது 27. (என் வயதைக் கேட்காதீர்கள். முன்னுரையையே ஐந்தாம் முறையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.)

அந்நூலின் இரண்டாம் பாகத்தில் உள்ள ஒரு கருத்தைத்தான் இன்றும் எல்லாப் பாடத்திட்டங்களிலும் காண்கிறோம். பிளாட்டோவிலிருந்து ஐரோப்பிய மெய்யியலின் பெருவழக்கு ஒன்று தொடர்ந்து வந்தது. அதன்படி பகுத்தறிவும் உணர்ச்சிகளும் மனிதனுக்குள் போரிடுகின்றன. பகுத்தறிவு உணர்ச்சிகளை அடக்கி ஆளும்போது மனிதன் நல்லவன் ஆகிறான். தேரோட்டியும் குதிரைகளும் என்னும் உவமை கிரேக்கத்திலும் உண்டு, நம் உபநிடதங்களிலும் உண்டு. ஹியூம் இந்தப் போரே நடக்கவில்லை என்றார். பகுத்தறிவு இரண்டு வேலைகளைத்தான் செய்ய வல்லது. கருத்துகளுக்கு இடையிலான உறவை ஆராயலாம், உலகில் எது எதற்குக் காரணம் என்று காட்டலாம். ஒன்றை விரும்பவோ வெறுக்கவோ வைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. கால்களை நகர்த்துவது விருப்பும் வெறுப்புமே. எந்த வழியாகப் போவது என்று சொல்வதோடு பகுத்தறிவின் பணி முடிகிறது. ஆகவே அது உணர்ச்சிகளின் ஏவலாள், அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்பது அவர் முடிவு. தம் விரலில் ஒரு கீறல் விழுவதைவிட உலகமே அழியட்டும் என்று ஒருவன் நினைத்தாலும் அதில் தருக்கப் பிழை ஏதும் இல்லை என்ற அளவுக்கு அவர் போனார். அது கொடிய குணம். தவறான கணக்கு அன்று.

இங்கே ஒரு சிறு விலகல். ஹியூம் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர், ‘உறுதல், தாங்குதல், தனக்கு நேர்தல்’ என்னும் பொருளுடையது. செயப்பாட்டு வினையைக் குறிக்கும் ஆங்கில இலக்கணச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழிலோ ஆசைப்படுகிறோம், பயப்படுகிறோம், பொறாமைப்படுகிறோம், கவலைப்படுகிறோம். செயப்பாட்டு வினையை ஆக்கும் அதே ‘படு’. தொல்காப்பியர் எண்வகை உணர்வுகளுக்கு இட்ட பொதுப்பெயரான மெய்ப்பாட்டிலும் அதுவே இருக்கிறது. இதை ஒரு விதியாக நீட்ட முடியாது. ‘சினங்கொள்’, ‘அன்புசெய்’ என்றும் சொல்கிறோம். என்றாலும் உணர்ச்சி என்பது நமக்கு நேர்வது என்ற எண்ணம் இரு மொழிகளின் சொல்லமைப்பிலும் படிந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ‘எனக்குக் கோபம் வந்தது’ என்பதில் எழுவாய் போல இயங்குவது நான்காம் வேற்றுமை. ‘எனக்குத் தெரியும்’ என்பதிலும் அதேதான். கோபம் எப்படி எனக்கு வருகிறதோ, அறிவும் அப்படியே எனக்கு வந்து நிற்கிறது; தேரோட்டி எங்கும் தென்படவில்லை. ஹியூமுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

விலகலை முடித்துக்கொள்கிறேன். உணர்ச்சியே நம்மை இயக்குகிறது என்றால், பகுத்தறிவு உணர்ச்சியை வென்றதாக நமக்கு அடிக்கடி தோன்றுவது ஏன்? ஹியூம் இதற்குத் தந்த விடை, ஏவலாள் உவமையைவிட ஆழமானது. ஆனால் வகுப்பறைகளில் அதற்குப் பாதி இடம்கூடக் கிடைப்பதில்லை. உணர்ச்சிகளுள் இரு வகை உண்டு என்கிறார். கொந்தளிப்பவை ஒரு வகை. சினமும் அச்சமும் காதலும் வரும்போது வந்துவிட்டது என்று நமக்கே தெரிகிறது. மற்றொரு வகை, அமைதியானவை. உயிர்மீதுள்ள பற்று, குழந்தைகள்மீதான கனிவு, நன்மையின்பால் உள்ள பொதுவான விருப்பம் போன்றவை. அவை மனத்தில் சலனம் எதையும் எழுப்புவதில்லை. விளைவுகளால்தான் அவற்றை அறிய முடியும். சலனம் இல்லாத காரணத்தாலேயே அவற்றைப் பகுத்தறிவின் தீர்ப்பு என்று தவறாக எண்ணிக்கொள்கிறோம். நாம் மனவுறுதி என்று போற்றுவதும், கொந்தளிக்கும் உணர்ச்சியை அமைதியான உணர்ச்சி வெல்வதையே.

மூன்றாம் பாகம் ஒழுக்கத்தைப் பற்றியது. ஒரு செயலை நல்லதென்று சொல்லும்போது நாம் உண்மையில் மதிப்பிடுவது அதன் பின்னால் நிலைத்திருக்கும் குணத்தை. அந்த மதிப்பீடு ஒத்துணர்விலிருந்து பிறக்கிறது. ஒரே சுருதியில் முறுக்கிய நரம்புகளுள் ஒன்று அதிர்ந்தால் மற்றவையும் அதிர்வதைப் போல ஒருவர் உணர்வு மற்றவருக்குத் தாவுகிறது என்று விளக்குகிறார். ஆனால் அந்த ஒத்துணர்வு ஒருபால் சாய்ந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. நம்மைப் போன்றவரிடமும் நம் அருகில் இருப்பவரிடமும் அது வலுவாக இருக்கும். தொலைவில் இருப்பவரிடமும் வேறுபட்டவரிடமும் மங்கும். ஆகவே நம் சொந்த இடத்தை விட்டு விலகி, ஒரு பொது நோக்குநிலையில் நின்று குணங்களை மதிப்பிடப் பழக வேண்டும் என்கிறார். சிந்தனை அங்கே உதவுகிறது. உணர்ச்சியை ஒழித்துவிட அதனால் ஆகாது. அதன் சாய்வைத் திருத்த இயலும்.

இவ்வளவையும் எழுதியவருக்கு 1745இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் அறவியல் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டது. ஒழுக்கத்தின் அடித்தளத்தையே தகர்க்கிறார் என்று மதகுருமார் எதிர்த்தனர். ஆனால் நேரில் பழகியவர்களின் தீர்ப்பு வேறாக இருந்தது. பாரிஸ் வரவேற்பறைகளில் அவர் ‘நல்ல டேவிட்’. பருத்த உடல், சிரித்த முகம், பகைவரிடமும் இனிய பேச்சு.

அந்த இனிமை ஒருமுறை பகிரங்கமாக உடைந்தது. 1766 ஜனவரியில், பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் துரத்தப்பட்ட ரூசோவை ஹியூம் தம்முடன் லண்டனுக்கு அழைத்து வந்தார். தங்க இடம் தேடித் தந்தார். அரசரின் உதவித்தொகைக்கும் முயன்றார். அதே காலத்தில், பிரஷ்ய அரசர் எழுதியது போன்ற கேலிக் கடிதம் ஒன்றை ஹொரேஸ் வால்போல் புனைந்திருந்தார். அது பாரிசில் பரவிப் பின்னர் லண்டன் பத்திரிகையிலும் வந்தது. ரூசோ அதில் சதியைக் கண்டார். ஹியூமும் உடந்தை என்று முடிவு செய்தார். பயணத்தில் ஓர் இரவு உறக்கத்தில் தம் பெயரைச் சொல்லி, அகப்பட்டுக்கொண்டான் என்ற பொருள்பட ஹியூம் முணுமுணுத்ததையும் குற்றப்பட்டியலில் சேர்த்தார். ஜூலை 10ஆம் தேதியிட்ட அவர் கடிதம் ஒரு சிறு நூலின் அளவு. ‘நல்ல டேவிட்’ கொதித்துப் போனார். பாரிஸ் நண்பர்களுக்குச் சீற்றக் கடிதங்கள் பறந்தன. அச்சேற்ற வேண்டாம் என்று ஆடம் ஸ்மித் அறிவுரை சொல்லியும், அவ்வாண்டு அக்டோபரில் இருவரின் கடிதங்களும் பாரிசில் நூலாக வெளிவந்தன.

ஹியூமின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் உணர்ச்சி அறிவை வென்றதற்கு எடுத்துக்காட்டாக வழக்கமாகக் காட்டுவது இந்தச் சண்டையைத்தான். நானும் அப்படித்தான் கற்பித்து வந்தேன். ஆனால் அதே 1766இன் மார்ச் மாதத்தில், ரூசோ லண்டனை விட்டு வூட்டனிலுள்ள கிராம வீட்டுக்குக் குடிபெயர்ந்த நாட்களில், ஹியூம் இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறார். தம் புரவலரான ஹெர்ட்ஃபோர்டு பிரபுவுக்கு எழுதியது. மூன்றாண்டுகளுக்கு முன் பிரித்தானியர் வசமான கிரனடாத் தீவில், அடிமைகளின் உழைப்பில் இயங்கும் தோட்டத் தொழிலில் முதலீடு செய்ய அவரை ஊக்குவிக்கும் கடிதம். ஹியூமின் கடிதங்களுக்கான 2014ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றின் வழியாகவே இது பரவலாகத் தெரியவந்தது. அதில் சீற்றம் இல்லை, வெறுப்பு இல்லை. நண்பருக்கு நல்ல வாய்ப்பொன்றைத் தெரிவிப்பவரின் அக்கறையோடு எழுதப்பட்ட தொழில்முறைக் கடிதம்.

ஓராண்டின் இந்த இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் அந்த அடிக்குறிப்பு எனக்குப் புரியத் தொடங்கியது.

நாடுகளின் குணவியல்பு பற்றிய கட்டுரை முதலில் 1748இல் வந்தது. அதன் வாதம் அக்காலத்திற்குத் துணிச்சலானது. ஒரு நாட்டு மக்களின் குணத்தைத் தட்பவெப்பமும் மண்ணும் தீர்மானிக்கின்றன என்ற பரவலான கருத்தை ஹியூம் மறுக்கிறார். ஆட்சிமுறை, தொழில், பழக்கம், ஒருவரையொருவர் பார்த்துப் பின்பற்றுதல் ஆகியவையே குணத்தை உருவாக்குகின்றன என்று சான்றுகளை அடுக்குகிறார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1753இல், அதே கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார். கறுப்பினத்தவரும், பொதுவாக வெள்ளையர் அல்லாத ஏனைய மனித வகைகளும் வெள்ளையரைவிட இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்ற ஐயம் தமக்கு எழுவதாகச் சொன்னார். அவர்களிடையே கலையோ அறிவியலோ தோன்றியதில்லை என்றார். ஐரோப்பாவெங்கும் சிதறிக் கிடக்கும் அடிமைகளுள் ஒருவரும் திறமை காட்டியதில்லை என்றார். ஜமைக்காவில் கற்றறிந்த கறுப்பர் ஒருவர் இருப்பதாகப் பேசப்படுவதைக் குறிப்பிட்டு, சில சொற்களைத் தெளிவாக உச்சரிக்கும் கிளியைப் போல அற்பத் திறமைக்காக அவர் புகழப்படுகிறார் போலும் என்று தள்ளிவிட்டார். பெயர் சொல்லவில்லை. அவர் குறித்தது, இலத்தீனில் கவிதை எழுதிய பிரான்சிஸ் வில்லியம்ஸை என்று கொள்ளப்படுகிறது.

மேலே கட்டுரை, குணத்தை உருவாக்குவது சமூகம் என்று நிறுவுகிறது. கீழே அடிக்குறிப்பு, இவர்களுக்கு மட்டும் அது பிறவி என்கிறது. காரண காரியத்தைப் பற்றி உலகுக்கே எச்சரிக்கை சொன்னவர், சங்கிலியில் பிணைக்கப்பட்டவர் ஏன் பேராசிரியர் ஆகவில்லை என்பதற்குச் சங்கிலியைக் காரணமாகக் கொள்ளவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1752இல், பண்டை நாடுகளின் மக்கள்தொகை பற்றி எழுதியபோது, கிரேக்க ரோமானிய அடிமை முறையின் கொடுமையை அவரே கடுமையாகக் கண்டித்திருந்தார். வரம்பற்ற அதிகாரம் எசமானரின் குணத்தையும் கெடுக்கிறது என்று கண்டவர் அவர். 1700 ஆண்டுகளுக்கு முந்தைய அடிமையிடம் எட்டிய ஒத்துணர்வு, பிரிஸ்டல் சர்க்கரையிடம் எட்டவில்லை.

அடிக்குறிப்பின் வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். அவர் ‘நிறுவுகிறேன்’ என்று எழுதவில்லை. ‘அறிகிறேன்’ என்றும் எழுதவில்லை. ஐயுறும் போக்கு தமக்கு இருப்பதாக மட்டும் எழுதுகிறார். ஐயவாதியின் அடக்கமான வினை. கடவுளின் இருப்பையும் அற்புதங்களையும் ஆராய்வதற்கு அவர் பயன்படுத்திய அதே நிதானமான நடை. ஒரு முன்முடிவு, எந்தக் கொந்தளிப்பும் இல்லாமல், தன்னடக்கத்தின் இலக்கணத்தை உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறது. அமைதியான உணர்ச்சியைப் பகுத்தறிவின் தீர்ப்பு என்று எண்ணிவிடுவோம் என 27 வயதில் எழுதியவர், 42 வயதில் தம்முள் அது நிகழ்ந்ததைக் காணவில்லை. ரூசோவோடு மூண்ட சண்டையில் தம் சினத்தை அவரே அறிந்திருந்தார், நண்பர்களும் அறிந்து தடுக்க முயன்றனர். அடிக்குறிப்பில் தடுக்க என்ன இருந்தது? அங்கே முகம் சிவக்கவில்லை. (மனிதரில் தாழ்ந்த வகை உண்டு என்னும் எண்ணத்தை அவர் அமைதியான உணர்ச்சிகளின் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார் என்று தத்துவத் துறை நண்பர்கள் மறுக்கக்கூடும். சரிதான். அவர் தந்த எடுத்துக்காட்டுகளுள் பெரும்பாலானவை இனியவை. அந்த வகைப்பாட்டின் போதாமையே அங்குதான் இருக்கிறது என்பது என் கருத்து.)

இனி, ‘தம் காலத்தின் மனிதர்’ என்ற என் விடைக்கு வருகிறேன். அவர் காலத்தில் வேறு மனிதர்களும் இருந்தார்கள். ஆடம் ஸ்மித் அவருடைய உற்ற நண்பர். ஒத்துணர்வின் மேல் அறவியலைக் கட்டியதில் அவருடைய வழித்தோன்றல் என்றே சொல்லலாம். 1759இல் வெளியான ‘அறவுணர்வுகளின் கோட்பாடு’ நூலில், ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட எவரிடத்தும் உள்ள பெருந்தன்மையை, அவரை விலைக்கு வாங்கிய எசமானரின் இழிந்த உள்ளம் எண்ணிப் பார்க்கவும் இயலாது என்ற பொருளில் ஸ்மித் எழுதுகிறார். அதே நாடு, அதே நட்பு வட்டம், ஏறத்தாழ அதே கோட்பாடு. அடிக்குறிப்புக்கு ஆறே ஆண்டுகள் பின்னால்.

இன்னொருவர் ஜேம்ஸ் பீட்டி. அபர்டீனில் அறவியல் பேராசிரியர். மெய்யியலாளர் என்ற வகையில் ஹியூமின் நிழலுக்கும் ஈடாகாதவர். 1770இல் ஹியூமைத் தாக்கி அவர் எழுதிய நூல் பெரும்பாலும் வசையும் பக்தியும். ஹியூம் அவரைப் பிடிவாதம் பிடித்த முட்டாள் என்ற பொருள்படத் திட்டியதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அந்த நூலில் அடிக்குறிப்பை மறுக்கும் சில பக்கங்கள் இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரித்தானியரும் இதே நிலையில்தானே இருந்தனர் என்று கேட்கிறார். மெக்சிகோவின், பெருவின் பேரரசுகளைச் சுட்டுகிறார். எழுத்தறியாத, ஐரோப்பிய மொழி எதையும் பேசாத, ஏவலின்றி எதையும் செய்ய அனுமதியில்லாத, நண்பர் ஒருவரும் இல்லாத அடிமை திறமை காட்டவில்லை என்பது எதற்குச் சான்று என்கிறார். காரண காரிய ஆராய்ச்சியில் ஹியூமின் முறையை ஹியூமைவிடச் சரியாக அங்கே கையாண்டவர் இந்த இரண்டாந்தர மெய்யியலாளர். இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அடிக்குறிப்பு அடிக்குறிப்பாகவே நின்றுவிடவும் இல்லை. 1764இல் கான்ட் அதைப் பெயர் சொல்லி மேற்கோளாகக் கொண்டார். 1774இல் ஜமைக்காவின் வரலாற்றை எழுதிய தோட்ட முதலாளி எட்வர்ட் லாங், அடிமை முறைக்கு ஆதரவாக ஹியூமைத் துணைக்கழைத்தார். பிரான்சிஸ் வில்லியம்ஸின் இலத்தீன் கவிதையை இகழ்வதற்காகவே அச்சிட்டார். அந்தக் கவிதை நமக்குக் கிடைத்திருப்பது அந்த இகழ்ச்சியின் தயவால்.

1776 ஜூலையில், குடல்நோயால் மெலிந்து சாவை எதிர்நோக்கியிருந்த ஹியூமைக் காண பாஸ்வெல் சென்றார். மறுமை நம்பிக்கை இல்லாதவர் எப்படிச் சாகிறார் என்று பார்க்கும் ஆவல் அவருக்கு. ஹியூம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், கலங்கியவர் பாஸ்வெல்தான். ஆகஸ்ட் 25 அன்று ஹியூம் இறந்தார். மனிதக் குறைபாடுகளுக்கு உட்பட்டு ஒருவர் எவ்வளவு அறிவும் நற்குணமும் உடையவராக இருக்க முடியுமோ அவ்வளவுக்கு அருகில் இருந்தவர் என்று ஸ்மித் எழுதிய இரங்கல் கடிதம் புகழ்பெற்றது. அந்த அமைதி உண்மையானது என்றே நானும் நம்புகிறேன். தம் நூல்களைத் திருத்திக்கொண்டே இருந்தவர் ஹியூம். கடைசித் திருத்தங்களோடு 1777இல் வெளிவந்த பதிப்பில் அந்த அடிக்குறிப்பும் திருத்தப்பட்டிருக்கிறது. ஏனைய மனித வகைகள் என்ற தொடர் நீக்கப்பட்டது. கறுப்பினத்தவரைப் பற்றிய கூற்று மட்டும் நின்றது. பீட்டியின் மறுப்பே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அப்படியானால், வாதம் அவரைப் பாதி வழி நகர்த்தியிருக்கிறது.

2020 செப்டம்பரில் எடின்பரோப் பல்கலைக்கழகம், டேவிட் ஹியூம் கோபுரம் என்ற தன் கட்டடத்தின் பெயரை, இருக்குமிடத்தை மட்டும் குறிக்கும் ‘40 ஜார்ஜ் சதுக்கம்’ என்று மாற்றியது. 1745இல் பதவி மறுத்த அதே நிறுவனம். அது சரியா தவறா என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. இரு தரப்பிலும் கேட்டவற்றுள் பெரும்பகுதி கட்டடங்களைப் பற்றியதாகவே இருந்தது. அந்நகரின் பெருந்தெருவில் இருக்கும் அவர் சிலையின் கால்விரலைத் தொட்டால் தேர்வில் நல்லது நடக்கும் என்று மாணவர்கள் நம்புவதும், மூடநம்பிக்கையைச் சாடியவரின் வெண்கல விரல் அதனால் பளபளப்பதும் எனக்கு அதைவிடச் சுவையான செய்தி.

எங்கள் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஹியூமிடம் கற்க என்ன இருக்கிறது? அமைதியான உணர்ச்சியைக் குறித்து அவர் எழுதிய அந்தச் சில பக்கங்கள் இருக்கின்றன. அந்த அடிக்குறிப்பை விளக்க எனக்குக் கிடைத்தவற்றுள் அவற்றைவிடக் கூர்மையான கருவி வேறில்லை. கருவியைச் செய்தவரே அதைத் தம்மீது பயன்படுத்தவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரு பதிப்புகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த மாலையில், 1753இன் அடிக்குறிப்பில் நாமும் அடங்குகிறோம் என்பதைக் கண்டேன். ஏனைய மனித வகைகளுள் இந்தியரும் உண்டல்லவா? 1777இல் அந்தத் தொடர் நீங்கியதைப் படித்தபோது, என்னையறியாமல் ஒரு சிறு ஆறுதல். ‘பரவாயில்லை, திருத்திக்கொண்டார்’ என்று மேசைக் குறிப்பில் எழுதியும் வைத்தேன். மறுநாள் காலை அதைப் படித்தபோதுதான், யாருக்குத் திருத்திக்கொண்டார் என்ற கேள்வி எழுந்தது. குறிப்பை எழுதியபோது என் மனத்தில் சலனம் ஏதும் இருந்ததாக நினைவில்லை.

அந்தக் காகிதத்தை அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். வரும் வெள்ளியன்று அவரிடம் காட்டுவதாக இருக்கிறேன். பீட்டியின் அந்தப் பக்கங்களுக்குப் படி எடுத்து வருவதாக அவர் சொல்லியிருக்கிறார். அமர்வை நடத்தும் பொறுப்பும் இம்முறை அவருடையதே.